ஓய்வு வயதைத் தாண்டியும் பட்டறையில்: வாசகர் கேள்வி – பதில்

2021-இல் தமிழகத்தில் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைத் தொட்டவர்கள். 2031-இல் அது 18.2 ஆகும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறோம். பட்டறைகளிலும், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் பவுண்டரிகளிலும் இதன் அறிகுறி ஏற்கெனவே தெரிகிறது. கடைசல் இயந்திரமான லேத்தில் நிற்பவருக்கு 59 வயது, அச்சு மண்ணின் பதம் பார்ப்பவருக்கு 62. அவர்களுக்குப் பின்னால் யார் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து தருகிறோம். டர்னர்களில் மூன்று பேருக்கு 58-க்கு மேல். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன்கள் ஷிப்டுக்கு 60 பீஸ் எடுக்கிறார்கள். இவர்கள் 52-ஐத் தாண்டுவதில்லை. அனுப்ப மனசு வரவில்லை. ஆனால் கணக்கும் பார்க்க வேண்டுமே?
– பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

கணக்குப் பாருங்கள், ஆனால் முழுக் கணக்காகப் பாருங்கள். நீங்கள் எண்ணியது மெஷினிலிருந்து இறங்கிய பீஸை. எண்ண வேண்டியது பார்ட்டி திருப்பி அனுப்பாத பீஸை.

ஓர் உதாரணம். கடைசல் கூலி பீஸுக்கு 40 ரூபாய், பார்ட்டி கடையக் கொடுக்கும் வார்ப்பான காஸ்டிங்கின் விலை 220 ரூபாய் என்று வையுங்கள். ஜாப் கெட்டால் காஸ்டிங் விலையைக் கழிக்கும் டெபிட் நோட் உங்கள் தலையில்தான் விழும். பையன் 60 எடுத்து 5 கெடுத்தால் நல்லது 55: வரவு 2,200, டெபிட் 1,100, கையில் நிற்பது 1,100 ரூபாய். மூத்தவர் 52 எடுத்து ஒன்றைக் கெடுத்தால் வரவு 2,040, டெபிட் 220, கையில் நிற்பது 1,820 ரூபாய். இவை நாங்கள் போட்ட எண்கள். உங்கள் எண்களை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

மூன்று மாதம் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆறு கட்டம் போதும்: நல்ல பீஸ், ரீவொர்க், ரிஜெக்ஷன், செலவான இன்சர்ட் (வெட்டும் முனை), ஒரு ஜாபிலிருந்து இன்னொரு ஜாபுக்கு மாற்றி செட்டிங் போட ஆன நிமிடம், மெஷின் நின்ற நிமிடம். ஆள் பெயர் வேண்டாம், மெஷின் எண்ணும் ஷிப்டும் எழுதினால் போதும். பெயர் போட்டால் இரண்டாம் நாளே ரிஜெக்ஷன் தொட்டிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

ஜெர்மனியில் லாரி பூட்டும் ஆலை ஒன்றில் பொருளாதார ஆய்வாளர்களான ஆக்செல் போர்ஷ்-சூபானும் மத்தியாஸ் வைஸும் ஆண்டுக்கணக்கில் பிழைகளை எண்ணிப் பார்த்தார்கள். 60 வயது வரை உற்பத்தித் திறன் சரியவில்லை. பெரிய பிழைகள் மூத்தவர்களிடம் குறைவு. அனுபவம் வேலை செய்வது அங்கேதான்: எந்த இடத்தில் தவறக் கூடாது என்று தெரிந்திருப்பதில்.

நோட்டு எதிர்மாறாகச் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வயது ஏறிய எல்லோருக்கும் கைத்திறனும் ஏறியிருக்கும் என்பது இல்லை. முப்பது ஆண்டு அனுபவம் என்பது சிலருக்கு ஒரே ஆண்டு முப்பது முறை வந்துபோனதாகவே இருக்கும். நோட்டு சாதகமாக வந்தால் வேலையைப் பிரிப்பதை மாற்றுங்கள். 20, 30 பீஸ் கொண்ட சின்ன லாட், விலை கூடிய காஸ்டிங், புது டிராயிங்கின் முதல் பீஸ் எல்லாம் மூத்தவருக்கு. ஆயிரம் பீஸ் ஓடும் லாட் பையன்களுக்கு. பீஸ் ரேட் கொடுக்கும் பட்டறையாக இருந்தால் மூத்தவருக்கு நாள் கூலியாக மாற்ற வேண்டும். சின்ன லாட்டில் செட்டிங்குக்கே பாதி ஷிப்ட் போய்விடும். பீஸ் ரேட்டில் விட்டால் அவர் நஷ்டப்படுவார்.

எனக்கு 57 வயது. 31 ஆண்டாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். "பையன்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுங்கண்ணா" என்கிறார் மேனேஜர். சொல்லிக் கொடுத்து முடித்த மறுநாளே என்னை அனுப்பிவிடுவார்களோ என்று இருக்கிறது.
– வாசகர், அம்பத்தூர், சென்னை

உங்கள் பயம் நியாயமானதுதான் ஐயா. அப்படி நடக்கும் இடங்களும் உண்டு. அதனால் சொல்லிக் கொடுக்கத் தொடங்கும் முன் ஒரு கடிதம் கேளுங்கள். கோபமாக வேண்டாம், சாதாரணமாகவே கேட்கலாம். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை மாதம் கற்றுக்கொடுப்பது, வாரத்தில் எத்தனை மணிநேரம், அந்த நேரத்துக்கு என்ன கூலி, 58 முடிந்த பிறகு எத்தனை ஆண்டு எந்தப் பதவியில் வைத்துக்கொள்வார்கள். "பாத்துக்கலாம்ணா" என்ற வாய்ச்சொல் மேனேஜர் மாறும்போது அவரோடு போய்விடும்.

எழுதித் தரும் ஒவ்வொரு தாளின் கீழும் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதை வாங்கி வையுங்கள். வெளியே இன்னொரு இடத்தில் கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

தெரிந்ததை மூடி வைப்பது உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். பிரேக்டவுனில் நான்கு நாள் ஆலை நின்றால் உரிமையாளர் வெளியிலிருந்து சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவார், இல்லையென்றால் மெஷினையே மாற்றிவிடுவார். அதோடு உங்களுக்குத் தெரிந்தது பயனற்றுப் போகும்.

எங்கள் பவுண்டரியில் மண் பார்ப்பவருக்கு 62 வயது. ஒரு பிடி அள்ளி அமுக்கி "தண்ணி தூக்கல்" என்பார். அன்றைக்கு அந்த மண்ணில் செய்த அச்சுப் பெட்டிகளில் ஊற்றினால் ப்ளோ ஹோல்தான், வார்ப்பில் வாயு ஓட்டை விழும். லேபில் ஈரம் சரியாகத்தான் காட்டும். அவருக்கு இது எப்படித் தெரிகிறது? இதை எப்படி வாங்கிக்கொள்வது?
– தர மேலாளர், பவுண்டரி, கோவை

இந்த மாதக் கடிதங்களில் மிக முக்கியமானது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

முதலில், அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது. ஈரத்தோடேயே அச்சு செய்யும் பச்சை மண்ணில் சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. லேப் கருவி காட்டுவது தண்ணீரின் சதவீதத்தை மட்டும், பொதுவாக 3 முதல் 4-க்குள். ஆனால் அந்தத் தண்ணீர் போதுமா, அதிகமா என்பதை ஒட்டும் திறன் போகாத, உயிருள்ள களிமண் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பொடி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். திரும்பத் திரும்ப ஊற்றிச் செத்த களிமண்ணும் பொடியும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மண்ணில் 3.5 சதவீதம் இருந்தும் வறண்டு கிடக்கும். புது மணல் அதிகம் சேர்ந்த மண்ணில் அதே 3.5 தூக்கலாகிவிடும். மண் சூடாக வந்தால் இன்னொரு சிக்கல்: 50 டிகிரிக்கு மேல் இருக்கும் மண் மிக்சரிலிருந்து மோல்டிங்குக்குப் போவதற்குள் ஈரத்தை இழக்கும், அச்சுக்கு வடிவம் தரும் குளிர்ந்த பேட்டர்னில் வியர்த்து ஒட்டும். அவர் கை இவற்றையெல்லாம் சேர்த்தே பார்க்கிறது. லேபில் இதற்கு நெருங்கிய சோதனை ஈரம் பார்ப்பது அல்ல, அமுக்கினால் மண் எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்கும் காம்பாக்டபிலிட்டி. அதை நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் இன்றே தொடங்குங்கள்.

அவர் கையில் என்ன பார்க்கிறார் என்பதையும் பையன்களுக்குச் சொல்ல முடியும். ஒரு பிடி அள்ளி அமுக்கி விரலை விரிக்க வேண்டும். விரல் ரேகை மண்ணில் தெளிவாகப் பதிய வேண்டும். உள்ளங்கையில் மண் ஒட்டக் கூடாது. பிறகு இரண்டாக உடைக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக உடைந்தால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் வறட்சி. உடையாமல் வளைந்து கொடுத்தால் தண்ணீர் அதிகம். மண் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதும் அதே பிடியில் தெரிந்துவிடும்.

இனி வாங்கிக்கொள்ளும் முறை. 30 நாள், நாளைக்கு மூன்று முறை: காலை முதல் பேட்ச், சாப்பாட்டுக்குப் பின், ஷிப்ட் மாறியதும். மூத்தவர் முதலில் கையால் பார்த்துத் தன் சொல்லிலேயே சொல்ல வேண்டும்: "வறண்டிருக்கு", "சரி", "தண்ணி தூக்கல்", "மண்ணு சூடு", எதுவானாலும். அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். அதன் பிறகுதான் ஈரம், காம்பாக்டபிலிட்டி, மண்ணின் வெப்பம் மூன்றையும் அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். அந்த மண்ணில் செய்த பெட்டிகளுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டு, வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் முடிந்ததும் ரிஜெக்ஷனைக் கடைசிக் கட்டத்தில் சேருங்கள். 90 வரி சேர்ந்துவிடும். அவர் சொல்லும் கருவியும் முரண்படும் வரிகளைத் தனியே எடுத்து, ஊற்றிய காஸ்டிங் யார் பக்கம் நின்றது என்று பாருங்கள். பாடம் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

அடுத்த 30 நாள் முறையை மாற்றுங்கள். பையன் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் பிறகு, கருவி கடைசியில். தொடர்ந்து பத்துக்கு ஒன்பது முறை இருவரும் ஒத்துப்போகும் வரை விட வேண்டாம். பிறகு மூத்தவரை ஒரு வாரம் லீவில் அனுப்புங்கள், போனும் எடுக்கக் கூடாது. அந்த வாரம்தான் பரீட்சை.

எங்கே கெடும் என்றால் மூன்று இடத்தில். லேப் எண்ணை முதலில் காட்டிவிடுவார்கள். பெரியவர் எண்ணைப் பார்த்துத் தன் கையைச் சந்தேகிப்பார், அன்றோடு பதிவு பொய்யாகிவிடும். இரண்டாவது, இன்ஜினியர் அவர் சொல்லை அழகான ஆங்கிலமாக மாற்றி எழுதுவார். "கொழகொழ"வும் "தூக்கலும்" ஒரே சொல்லாகிவிடும். மூன்றாவது, எல்லாவற்றையும் பங்குனி சித்திரையிலேயே முடித்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் வெளியே குவித்த மணல் நனைந்து வரும்போது வேறு மண். அப்போது இன்னும் ஒரு வாரம் இதையே செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அவரிடமிருந்து வாங்காதீர்கள். உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வது. பகலில் ஒரு நிறம், ராத்திரியில் இன்னொரு நிறம். கண்புரை தொடங்கியிருந்தால் வேறொன்று. அதற்கு பைரோமீட்டர் இருக்கிறது. அதேபோல் கவசக் கண்ணாடி போடாமல் ஊற்றுவது, கம்ப்ரஸர் காற்றில் உடம்புத் தூசி தட்டுவது எல்லாம் அனுபவம் அல்ல, பழைய பழக்கம். அவை அவரோடே ஓய்வு பெறட்டும். சிலிக்காத் தூசியில் முப்பது ஆண்டு நின்றவருக்கு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்-ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையும் செய்ய வேண்டியது உங்கள் கடமை.

58 முடிந்தவர்களை வேலையில் தொடர வைத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி என்னவாகும்?
– கணக்காளர், நூற்பாலை, திண்டுக்கல்

பி.எஃப். பிடித்தத்துக்கு வயது வரம்பு இல்லை. 58 முடிந்ததும் நிற்பது ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் பங்கு மட்டும். அதுவரை முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போனது. பிறந்த நாளுக்குப் பிறகு முழு 12 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். இங்கேதான் பல ஆலைகள் தவறுகின்றன. சம்பள மென்பொருளில் யாரும் மாற்றாமல் விட்டதால் 60 வயது வரை 1,250 தவறான கணக்கில் ஏறும். பிறகு ஓய்வூதிய விண்ணப்பம் அங்கேயே சிக்கும். 57 முடிந்தவர்களின் பட்டியலை ஏப்ரலிலேயே எடுத்து, பிறந்த தேதி ஆதார், பி.எஃப். பொது எண்ணான யூ.ஏ.என்., ஆலைப் பதிவேடு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிராமத்துப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஜனவரி 1 என்று இருப்பது மிகச் சாதாரணம். திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

பத்தாண்டுத் தகுதிப் பணி உள்ளவர் 58-இல் வேலையில் இருந்துகொண்டே ஓய்வூதியம் வாங்கலாம். 10-டி படிவம் கொடுத்தால் போதும். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 58-இல் 3,000 வரவேண்டியது, பங்களிப்பு எதுவும் செலுத்தாமல் தள்ளிப்போட்டால், 60-இல் 3,245 ஆகும். கூடுதல் 245 ரூபாய். விட்டுப்போனது 24 மாதம், 72,000 ரூபாய். அதை 245, 245-ஆகத் திருப்பி எடுக்க 24 ஆண்டுக்கு மேல் ஆகும். பெரும்பாலானோருக்கு 58-இலேயே வாங்கத் தொடங்குவதுதான் நல்லது.

55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்று பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிட்டவரை மறுபடி சேர்த்தால், 1952-ஆம் ஆண்டுத் திட்டப்படி அவர் விலக்கு பெற்றவர் வகையில் வருவார். அந்த ஆவணத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

கிராஜுவிட்டி: கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணியாண்டால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது ஓர் ஆண்டு. 18,000 ரூபாய், 27 ஆண்டு 7 மாதம் என்றால் 28 ஆண்டாகக் கொண்டு 2,90,769 ரூபாய். உச்சவரம்பு 20 லட்சம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி சேரும். இடைவெளி இல்லாமல் தொடர்பவருக்குப் பணிக்காலமும் தொடரும். நடுவில் கணக்கு முடிக்க வேண்டாம். கணக்கு முடித்துவிட்டு ஓராண்டு, ஈராண்டு என்று எழுத்தில் காலம் குறித்து மறுபடி எடுத்தால் புதுக் கணக்கு தொடங்கும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி, இப்படிக் காலம் குறித்து நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. சம்பளம் என்பதன் வரையறையும் அதில் மாறியிருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். பழைய அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இ.எஸ்.ஐ.க்கும் வயது வரம்பு இல்லை. மாதம் 21,000 வரை வாங்குபவருக்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம் வழக்கம்போல் தொடரும். முழுவதுமாக ஓய்வு பெறுபவர் ஐந்தாண்டாவது காப்பீட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இதை ஓய்வு பெறும் நாளில் சொல்லும் ஆலைகள் மிகக் குறைவு. தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்ஷனில் இருக்கும் மூத்தவர் வெர்னியர் அளவுகோலின் ரீடிங்கை அடிக்கடி தவறவிடுகிறார். வேலையை மாற்றிவிடலாமா?
– ஷிப்ட் இன்சார்ஜ், ஓசூர்

முதலில் விளக்கை மாற்றுங்கள். 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. உங்களுக்குப் போதுமாகத் தெரியும் டியூப்லைட் அவருக்கு அந்தி நேரம். லேத்தில் ஜாப் மேல் 500 லக்ஸ், இன்ஸ்பெக்ஷன் மேஜையில் 750-க்குக் குறையாமல் இருக்கட்டும். விளக்கு பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேர் மேலிருந்து விழுந்தால் பளபளப்பான ஸ்கேலில் கண் கூசும். லேத்துக்கு மலிவான எல்.இ.டி. வாங்காதீர்கள். துடிக்கும் வெளிச்சத்தில் ஜாபைப் பிடித்துச் சுற்றும் சக் நிற்பதுபோல் தோன்றலாம், கை போய்விடும். 24 வோல்ட் டி.சி. மெஷின் விளக்கு நல்லது.

அடுத்தது கண்ணாடி. கடையில் கொடுக்கும் வாசிப்புக் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கானது. லேத்தில் நிற்பவருக்கு ஜாப் 60, 70 செ.மீ. தள்ளி இருக்கும். கண் மருத்துவரிடம் போகும் முன் வேலை தூரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொடுங்கள். அந்தத் தூரத்துக்கே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். 0.02 மி.மீ. கோட்டை எண்ணும் வெர்னியருக்குப் பதில் டிஜிட்டல் வெர்னியர் கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தவறினால் வேலை மாற்றத்தைப் பேசலாம்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் 2007-இல் ஒரு வரிசையில், பத்தாண்டு கழித்து வரப்போகும் சராசரி வயதுக்கு ஏற்ப 47 வயது வரும்படி ஆட்களை நிறுத்தியது. மரத்தளம், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, பூதக்கண்ணாடி, பெரிய எழுத்துத் திரை, உயரம் மாற்றும் மேஜை என்று சுமார் 70 மாற்றங்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது, வராமல் போவது 7-இலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. மாற்றங்களில் பெரும்பாலானவற்றைச் சொன்னது அந்த வரிசையில் நின்றவர்களே. உங்கள் இன்ஸ்பெக்டரிடமும் எது சிரமம் என்று கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரில் 62 வயதாகும் அண்ணனுக்கு வேலை தொடருமா?
– வாசகர், காரைக்குடி

குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2022 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு 68 வரை. 2026 ஜூலை 1 முதல் 64, 69. உடல்நலமும் வேலையும் திருப்தியாக இருந்தால் முதலாளி குறைந்தது ஓராண்டு ஒப்பந்தம் தர வேண்டும். இடமே இல்லை என்றால் மூன்றரை மாதச் சம்பளத்தை ஒட்டிய உதவித்தொகை, மேல் கீழ் வரம்புகளுடன். ஒப்பந்தத்தில் வேலையும் சம்பளமும் மாறலாம், கையெழுத்துக்கு முன் படிக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் விரும்பும் எல்லோருக்கும் 65 வரை வேலை தருவது கட்டாயம். 70 வரை தர முயல வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. நம் நாட்டுத் தனியார் ஆலைகளில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கு மட்டும் 58-ஆக இருந்தது 2020-இல் 59, 2021-இல் 60 ஆனது.

55 வயது லேத் டர்னருக்கு, கணினியால் ஓடும் சி.என்.சி. மெஷின் வருமா?
– பட்டறை உரிமையாளர், ஆவடி

வரும். தொடங்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. புரோகிராம் கோடுகளிலிருந்து தொடங்கினால் இரண்டாம் நாளே மனம் விட்டுவிடும், அதுவும் இருபது வயதுப் பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தால். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தில் தொடங்குங்கள்: ஆஃப்செட், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண். லேத்தில் 'இன்னும் நாலு பாயின்ட் கட் கொடு' என்பதுதான் அங்கே டூலின் தேய்மானத்தை ஈடுகட்டும் வேர் ஆஃப்செட்.

வெளிவிட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வந்தால் எக்ஸ் வேரில் மைனஸ் 0.04. எக்ஸ் அச்சு விட்டத்தில் எண்ணும் என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய லேத்தில் பாதி டெப்த் கணக்குப் போட்டுப் பழகியவர் இங்கும் 0.02 போட்டுவிடுவார். இரண்டாவது, இன்புட் பொத்தானுக்கும் பிளஸ் இன்புட் பொத்தானுக்கும் உள்ள வேறுபாடு. முதலாவது பழைய எண்ணை அழித்துப் புதியதை வைக்கும். இரண்டாவது பழையதோடு கூட்டும். ஏற்கெனவே மைனஸ் 0.10 இருக்கும் இடத்தில் இன்புட் அமுக்கினால் அடுத்த பீஸ் வேண்டிய அளவைவிட 0.10 பெரிதாக வந்து நிற்கும். மூன்றாவது, தசமப் புள்ளி. 0.04-க்குப் பதில் 0.4 விழுந்தால் ஜாபும் போகும், சில நேரம் டூலும் போகும். அதனால் முதல் மாதம் எண் போட்டதும் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் தொட வேண்டும் என்று வையுங்கள்.

திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைப் போட்டோ எடுத்து, பக்கத்தில் தமிழில் எழுதி, மெஷின் கதவில் ஒட்டிவிடுங்கள். இருபது சொல்லுக்கு மேல் வராது. ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். சிப்பின் நிறத்தையும் வெட்டும் சத்தத்தையும் வைத்து இன்சர்ட் தேய்ந்ததை அலாரம் வருவதற்கு முன்னே சொல்வார். அதைப் பையன்கள் அவரிடம்தான் கற்க வேண்டும்.

எனக்கு 26 வயது, சூப்பர்வைசர். என் கீழ் இருப்பவர்கள் அப்பா வயதுக்காரர்கள். வேலை சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவர்களிடம் கேளுங்கள். "அண்ணா, இது நாலு மணிக்குள்ள போகணும், எந்த மெஷின்ல போட்டா சரியா வரும்?" என்றால் பதில் வரும். தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தயங்க வேண்டாம். கையுறையோடு லேத்தில் நின்றால் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். சுற்றும் ஜாப் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அப்பாவுக்கு 63. நாற்பது ஆண்டு டூல் ரூமில் இருந்தவர். ஓய்வூதியம் மருந்துக்கே போதவில்லை என்று ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேனாகப் போகிறார். ராத்திரி 12 மணிநேரம். சர்க்கரை இருக்கிறது. தடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.
– மகள், பீளமேடு, கோவை

ஜாபைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் ஃபிக்சரும் நாற்பது ஆண்டு செய்த கை, ராத்திரி கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் இது எத்தனையோ வீட்டில் நடக்கிறது. இதை மாற்ற முடியும், ஆனால் அப்பா தானாகக் கேட்கப் போகமாட்டார். நீங்கள் உதவ வேண்டும்.

ஒரே தாளில் அவருக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். ஆண்டுகளை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள்: டிரில், ரீமர் சாணை பிடிப்பது, கேஜ் சரிபார்ப்பது, பழைய ஃபிக்சரைப் பழுது பார்ப்பது, முதல் பீஸ் அப்ரூவல், வரும் சரக்கை இன்ஸ்பெக்ஷன் செய்வது. சின்னப் பட்டறைகளுக்கு இதற்கென்று முழுநேர ஆள் வைக்க முடியாது. வாரம் மூன்று நாள், காலை 9 முதல் 1 வரை என்று இரண்டு மூன்று பட்டறைகளிடம் பேசலாம். அப்பாவோடு முன்பு வேலை பார்த்து இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர் கையை அறிந்தவர்கள் அவர்கள்தான். கூலியை மணிக்கணக்கில் பேசுங்கள். ஒரு டிரில்லைச் சாணை பிடித்தால் எத்தனை ரூபாய் டிரில் மிச்சமாகிறது என்பதை அப்பாவுக்குச் சொல்லத் தெரியும்.

அதுவரை ராத்திரி வேலை தொடர்ந்தால் சில விஷயங்கள். மாத்திரையும் இன்சுலினும் பகல் வேளைக்குக் கணக்கிட்டவை. ராத்திரி விழித்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். இரண்டு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தனுப்புங்கள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று நான்கு குளுக்கோஸ் வில்லை இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உட்கார்ந்து உடனே வாயில் போட வேண்டும், மாடி ஏறக் கூடாது. செருப்புக்குப் பதில் மூடிய ஷூ போடச் சொல்லுங்கள். காலையில் வந்ததும் பாதத்தை விளக்கில் காட்டிப் பாருங்கள். ஏஜென்சி மூலம் போயிருந்தால் இ.எஸ்.ஐ. அட்டை கேட்டு வாங்குங்கள். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலர் 65 வயதை எட்டியிருக்கக் கூடாது. இன்னும் இரண்டே ஆண்டில் அந்த வேலையும் போகும். அதற்குள் அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு பட்டறைகளுக்குப் போய்வாருங்கள்.